பொன்னாடைக்காக நின்ற பஸ்

ஒருவர் பாடிக்கொண்டிருக்கும்போதே மேடையேறி, அவர் வாயருகில் இருக்கும் மைக்கைக் கழற்றிக்கொண்டு போவதை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

நான் பார்த்தேன். ஆவணி பிறந்து வந்த முதல் சனிக்கிழமை. இடம் – ஐயப்பன்தாங்கலில் எங்கள் குடியிருப்பின் கார் நிறுத்துமிடம். விசேஷம் – ஆண்டு விழா. மைக்கைக் கழற்றியவர் எங்கள் சங்கச் செயலாளர் தனசேகர். பாடிக்கொண்டிருந்தவர் அமலி. அமலியை அங்கே அழைத்து வந்து உட்கார வைத்தவன்... நான்தான்.

அமலி யார் என்று கேட்பவர்களுக்கு – உங்களைக் குறை சொல்ல மாட்டேன், எங்கள் குடியிருப்பிலும் எல்லோரும் அதைத்தான் கேட்டார்கள் – அவர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். தானே எழுதுவார், தானே மெட்டுப் போடுவார், கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு தானே பாடுவார். சினிமாவில் பாடியதில்லை. கேட்டால், "அவங்களும் கூப்பிடல, நானும் போகல" என்பார். உப்பளத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள், ரேஷன் கடை வரிசை, தங்கை கல்யாணத்தில் பந்தி பரிமாறும் அக்கா... இவைதான் அவருடைய பாட்டு.

அவருடைய முதல் பாட்டு எந்த மாதம் வெளியானது என்று எனக்குத் தெரியும். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவே ஏன் அத்தனை இடைவெளி என்றும் தெரியும். என் மனைவி கலா இதைப் பற்றி உறவினர்களிடம் சொல்வது இது: "கல்யாணத் தேதியக் கேட்டா கொஞ்சம் யோசிச்சுதான் சொல்வாரு. அந்தப் பொண்ணு பாட்டு வந்த தேதிய மட்டும் தூக்கத்துல எழுப்பிக் கேளுங்க."

மிகையில்லை. ஒரு விஷயம் எப்போது, எங்கே, யார் முன்னிலையில் நடந்தது என்று தெரியாவிட்டால் எனக்கு அது நடந்ததாகவே தோன்றாது. சிலருக்குச் சர்க்கரை, சிலருக்கு ரத்த அழுத்தம். எனக்கு இது.

ஆனால் பாருங்கள், இத்தனை தெரிந்தவன் அமலியை நேரில் கேட்டதே இல்லை. இரண்டு முறை முயன்றேன். முதல் முறை நகரத்தில் ஒரு சின்ன அரங்கம். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் மெட்ரோவுக்காகத் தோண்டிய பள்ளங்களை எல்லாம் நலம் விசாரித்துவிட்டுப் போய்ச் சேர்ந்தபோது, அவர் கிட்டார் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். இரண்டாவது, ஒரு கல்லூரித் திடல். மழை. நிகழ்ச்சி தள்ளி வைக்கப்படுவதாகச் சொன்னார்கள். தள்ளி எங்கே வைத்தார்கள் என்று இன்றுவரை சொல்லவில்லை.

ஆகவே இந்த வருஷம் ஆண்டு விழாக் கமிட்டியில் என்னையும் சேர்த்தபோது, மனதில் ஒரு திட்டத்தோடுதான் போய் உட்கார்ந்தேன்.

"வழக்கம்போல மெல்லிசைக் குழுதானுங்க?" என்றார் தனசேகர். சேலத்துக்காரர். நல்ல மனிதர். தண்ணீர் லாரி வராவிட்டால் தானே போய்க் கையோடு அழைத்து வருபவர்.

"இந்த முறை வேற மாதிரி செய்யலாம் சார். அமலின்னு ஒருத்தங்க. சொந்தப் பாட்டு பாடுவாங்க."

"சொந்தப் பாட்டுன்னா?"

"அவங்களே எழுதின பாட்டு."

தனசேகர் என்னைப் பரிவோடு பார்த்தார். "ஏங்க சார், யாருக்கும் தெரியாத பாட்ட எப்படிங்க கேக்கறது?"

சிரிக்காதீர்கள். யோசித்துப் பார்த்தால் அது நியாயமான கேள்வி. நம் ஊரில் பாட்டு என்பது ஏற்கெனவே தெரிந்த ஒன்று. முதல் வரி வந்ததும் 'ஆ, இதுவா' என்று கைதட்டுகிறோமே, அந்தக் கைதட்டல் பாடுகிறவருக்கா? நமக்கு நாமே தட்டிக்கொள்வது அது. கண்டுபிடித்துவிட்டோம் அல்லவா.

எப்படியோ பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்தேன். கூட்டம் முடிந்த கையோடு அமலிக்குப் போன் செய்தேன். தேதி, இடம் எல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்.

"சார், கேப்பாங்களா?"

"எங்க ஆளுங்க நல்ல ரசிகர்கள்மா. நான் பொறுப்பு" என்று சொல்லிவிட்டேன்.

போனை வைத்த பிறகுதான் சொன்னதன் கனம் புரிந்தது. ஓர் ஆளை நம் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டுவிட்டு, அடுப்பைப் பற்ற வைக்கும் பொறுப்பைப் பக்கத்து வீட்டாரிடம் விட்ட மாதிரி. எனக்கு அவமானம் வந்தால் துடைத்துக்கொள்ளலாம். என் பேச்சை நம்பி வருகிறவர், யாரும் கேட்காத ஒரு கூட்டத்தின் முன் உட்கார்ந்து பாடிவிட்டுப் போனால்? அதற்குப் பிறகு அந்தப் பாட்டுகளை நான் எந்த முகத்தோடு கேட்பேன்?

விழா நாள் வந்தது. மாலையில் கரையான்சாவடியிலிருந்து சவுண்ட் சர்வீஸ் பாஷா பாய் வண்டியில் ஆளுயரப் பெட்டிகளோடு வந்து இறங்கினார். மேடையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இன்னா சார், கீபோர்டு எங்க? டிரம்ஸ் எங்க?"

"அதெல்லாம் இல்ல பாய். ஒரு கிட்டார், ஒரு மைக்."

"ஒரு கிட்டாரா? மொதல்லயே சொல்றதில்லியா? ஊர் திருவிழாக்கு எத்தினு போற மாதிரி எத்தினு வந்துகீறேன். இதுக்கு எங்க ஊட்டு ரேடியோ பெட்டி போதுமே."

ஆறு மணிக்கு விழா என்றால் ஏழு மணிக்கு ஆரம்பம். குழந்தைகள் நடனம். அந்தந்தக் குழந்தையின் பெற்றோர் அந்தந்த நடனத்துக்கு மட்டும் எழுந்து நின்று படமெடுத்தார்கள். பிறகு பெண்களுக்கான கோலப் போட்டிப் பரிசளிப்பு. சிறப்பு விருந்தினர் – எங்கள் பகுதிப் பிரமுகர் ஒருவர் – வந்து பரிசளிப்பதாகத் திட்டம். அவர் வரவில்லை. "வந்துகினே இருக்காராம்" என்று தனசேகருக்குப் போனில் செய்தி வந்துகொண்டே இருந்தது. பரிசுகள் மேஜையில் காத்திருக்க, அமலியை மேடைக்கு அழைத்தார்கள்.

சாதாரண காட்டன் புடவை. ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. கிட்டாரை மடியில் வைத்து, காதை அதன் மேல் சாய்த்துச் சுருதி பார்த்தார். நான் முன்னாலிருந்து இரண்டாவது வரிசையில் கலாவோடு உட்கார்ந்திருந்தேன். எனக்கு முன்னால், மூன்றாவது மாடி சரோஜாம்மாவும் அவர் கணவர் மணியும். சரோஜாம்மா பெரம்பூரில் பிறந்து வளர்ந்தவர். எங்கள் குடியிருப்பில் மதுரை, காரைக்குடி, திருச்சி என்று எல்லா ஊர்க்காரர்களும் இருக்கிறோம். சென்னைக்காரர் என்று சொல்லிக்கொள்ள அவர்தான்.

முதல் பாட்டு உப்பளம். அற்புதமாகப் பாடினார். அதை எத்தனை பேர் கவனித்தார்கள்? பின்வரிசையில் யாரோ வெள்ளானூரில் மனை வாங்குவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். பஜ்ஜித் தட்டு ஒரு பக்கமாகச் சுற்றி வந்தது. ஐ.டி. இளைஞர்கள் குனிந்த தலை நிமிரவில்லை... போனில் ஏதோ கிரிக்கெட். பாட்டு முடிந்ததும் ஒரு கைதட்டல் எழுந்தது. பஜ்ஜி எண்ணெயைத் தட்டிவிடுகிற மாதிரி.

இரண்டாவது பாட்டின் நடுவே ஒரு குரல்: "டான்ஸ் ஆடற மாதிரி ஒண்ணு போடுங்க மேடம்."

சிரிப்பு. அமலியும் சிரித்தார். ஆனால் பார்வை ஒரு முறை என் பக்கம் வந்து போனது. 'நான் பொறுப்பு' என்றீர்களே, என்ற பார்வை. அல்லது எனக்கு அப்படித் தோன்றியது. நான் செருப்பைப் பார்த்துக்கொண்டேன்.

கலா காதருகில் வந்தாள். "நல்லாத்தான் பாடறா. என்ன, நம்ம ஜனங்களுக்குப் பழகல."

"ம்."

"நீங்க மூஞ்சிய இப்படி வச்சுக்கிட்டு இருந்தா, அவளுக்கு இன்னும் கஷ்டமா இருக்கும். நிமிந்து உக்காருங்க."

நிமிர்ந்தேன். அப்போதுதான் அமலி மூன்றாவது பாட்டை ஆரம்பித்தார். 'பத்தரை வண்டி.'

இத்தனை வருஷம் நான் நேரில் கேட்கக் காத்திருந்தது இந்தப் பாட்டைத்தான். கதைப் பாட்டு. காலையில் புருஷன் பெண்டாட்டிக்குள் ஏதோ சண்டை. அவன் சாப்பிடாமல் வேலைக்குப் போய்விடுகிறான். அவள் சாயங்காலம் அவனுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைத்துவிட்டு, மனசு கேட்காமல் பஸ் நிறுத்தத்தில் போய் உட்காருகிறாள். ஒவ்வொரு சரணத்துக்கும் ஒரு பஸ் வரும். யார் யாரோ இறங்குவார்கள். அவன் இல்லை. பூக்காரி கூடையைக் கட்டிக்கொண்டு போய்விடுகிறாள். டீக்கடையில் பாய்லரை அணைத்துவிட்டார்கள். மிச்சம் இருப்பது ஒரே ஒரு பஸ். பத்தரை வண்டி.

இரண்டாவது பஸ் வந்தபோது, சரோஜாம்மா பஜ்ஜியை மடியில் வைத்துவிட்டதைப் பார்த்தேன்.

மூன்றாவது பஸ்ஸில், மனை பேசிக்கொண்டிருந்தவர் பேச்சை நிறுத்திவிட்டார். எங்கள் குடியிருப்பில் பஸ் என்றால் எல்லோருக்கும் புரியும். பக்கத்திலேயே டெப்போ. பஸ் ரிவர்ஸ் எடுக்கும் சத்தத்தில்தான் நாங்கள் தூங்குகிறோம், எழுகிறோம். இங்கே எவர் வீட்டிலாவது யாராவது பஸ்ஸில் வருகிறவருக்காக வாசலைப் பார்க்காமல் இருந்திருப்பார்களா?

கிட்டார் மெல்ல வேகமெடுத்தது. பத்தரை வண்டியின் விளக்கு தூரத்தில் தெரிகிறது. அமலி கண்ணை மூடிக்கொண்டு பாடினார்.

*வண்டி வந்து நின்னாச்சு...*
*வாசப்படி பாத்தாச்சு...*

அடுத்த வரிக்கு மூச்சை இழுத்தார்.

"அனைவருக்கும் வணக்கம்" என்றது ஒலிபெருக்கி.

தனசேகர். ஒரே தாவலில் மேடையேறி மைக்கைக் கழற்றிவிட்டிருந்தார். "நாம் ஆவலோடு எதிர்பார்த்துக் காத்திருந்த நம் சிறப்பு விருந்தினர் அவர்கள் இதோ வருகை தந்துவிட்டார்கள். அனைவரும் எழுந்து நின்று..."

எழுந்து நின்றோம். வேறென்ன செய்வது? அமலியும் கிட்டாரோடு எழுந்து நின்றார்.

தெருக்கூத்து பார்த்துப் பதிவு செய்தவர்கள் எழுதியதைப் படித்திருக்கிறேன். அழுகைக் காட்சி உச்சத்தில் இருக்கும்போது ஆட்டத்தை நிறுத்தி, இந்த ஊர் இன்னார் அன்பளிப்பு என்று அறிவித்துவிட்டு, பிறகு விட்ட இடத்திலிருந்து அழுவார்களாம். நமக்கு இது ரத்தத்தில் உள்ளது. கலை எங்கே போய்விடப் போகிறது? வந்த பெரிய மனிதர்தான் போய்விடுவார்.

பொன்னாடைகள் வந்தன. சங்கத் தலைவர் சிறப்பு விருந்தினருக்குப் போர்த்தினார். சிறப்பு விருந்தினர் தலைவருக்குப் போர்த்தினார். பொருளாளருக்கு ஒன்று. போன வருஷத் தலைவர் கோபித்துக்கொள்வார் என்று அவருக்கும் ஒன்று. கடைசியில் மிச்சமிருந்ததை அமலியின் தோளில் போட்டார்கள். அதன் சரிகை கிட்டாரின் முறுக்காணியில் மாட்டிக்கொள்ள, அதைப் பிரித்தெடுக்க இரண்டு பேர் போராடியதையும் வீடியோக்காரர் விடாமல் எடுத்தார்.

"போச்சு" என்றேன் கலாவிடம்.

அந்தப் பாட்டுக்காக எத்தனை வருஷம்? கடைசியில் முக்கால் பாட்டு. அதுகூடப் பெரிதில்லை. இந்த அவமதிப்புக்குப் பிறகு அவர் கிட்டாரை உறையில் போட்டுக்கொண்டு கிளம்பினால், தடுக்க எனக்கு வாய் உண்டா?

சிறப்பு விருந்தினர் பேச ஆரம்பித்தார். "எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்கள்" என்று தொடங்கினார். அவருக்கு முன்னால் யாரும் பேசியிருக்கவில்லை.

அப்போது முன்வரிசையில் சரோஜாம்மா திரும்பினார்.

"சார்."

"என்னம்மா?"

"இந்தப் பொண்ணு பாட்டு உங்களுக்கு எல்லாம் தெரியும்னு கலா சொல்லிச்சு. அவன் வந்தானா இல்லியா?"

எனக்குச் சட்டென்று புரியவில்லை. "யாரும்மா?"

"அதான் சார், புருஷன்காரன். பஸ்ஸு வந்து நின்னுச்சே."

மணி பொறுமையிழந்தார். "பாட்டு தானேடி. வுடு."

"நீ சொம்மா இரு. அந்தப் பொண்ணு கொழம்பு வெச்சிகினு ரோட்டுல ஒக்காந்துகினு கீது. வுடுன்றியே."

"சண்ட போட்டுகினு போனவன் எங்கேந்து வருவான்? பிரெண்டு ஊட்டுல படுத்துகினு இருப்பான்."

"நீ அப்டி படுப்ப. எல்லாரும் உன்ன மாரியா?"

பக்கத்து நாற்காலியில் இருந்த ஐ.டி. இளைஞன் திரும்பினான். போன் சட்டைப்பைக்குள் போயிருந்தது. "ஆன்ட்டி, ஓவர்டைமா இருக்கும். எங்க ஆபீஸ்லயெல்லாம் திடீர்னு சொல்லுவாங்க."

"அப்ப அவளுக்கு ஒரு போன் பண்ண வேணாமா?" என்றது பின்வரிசையிலிருந்து ஒரு பெண் குரல். அந்த இளைஞனின் மனைவி. இது வேறு ஏதோ பழைய வழக்கு போலிருக்கிறது. அவன் முன்னால் திரும்பிக்கொண்டான்.

வரிசை வரிசையாக அந்தப் பேச்சு பின்னால் போனதைப் பார்த்தேன். வந்தானா, இல்லையா? மேடையில் சாலை வசதி, மழைநீர் வடிகால் பற்றியெல்லாம் ஓடிக்கொண்டிருக்க, கீழே மொத்தக் குடியிருப்பும் ஒரு பஸ் படிக்கட்டைப் பார்த்துக்கொண்டு நின்றது.

எனக்கு முடிவு தெரியும். அதுதான் கொடுமை. வெளியான பதிவில் யாரும் இறங்குவதில்லை. *காலி வண்டி டெப்போ போச்சு, கண்டக்டரும் வீடு போயாச்சு.* அதோடு சரி. கிட்டார் இரண்டு முறை மீட்டி நின்றுவிடும். முதல் தடவை அதைக் கேட்டபோது, அழுவது கலாவுக்குக் கேட்காமல் இருக்கக் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டவன் நான்.

"சொல்லுங்க சார்" என்றார் சரோஜாம்மா.

"அவங்களே பாடுவாங்கம்மா. கேளுங்க" என்றேன். பாடுவாரா என்ன?

மேடையில் பேச்சு நின்றது. கீழே இருந்த சலசலப்பு சிறப்பு விருந்தினருக்கே எட்டிவிட்டது.

"இன்னா, எல்லாரும் உங்குளுக்குள்ளயே பேசிகினு கீறீங்க? எதுனா பிரச்னயா? தண்ணி வரலியா?"

சரோஜாம்மா எழுந்தார். தனசேகர் முகம் வெளுத்தது.

"அதெல்லாம் வருது அண்ணாத்தே. நீங்க வந்த நேரத்துல ஒரு பஸ்ஸு வந்து நின்னுச்சு."

"எந்த பஸ்ஸு?"

"பாட்டுல. ஆளு எறங்கினானா இல்லியான்னு தெரில. நீங்க கொஞ்சம் சீக்கிரம் முடிச்சீங்கன்னா..."

மணி தலையில் கைவைத்துக்கொண்டார். சிறப்பு விருந்தினர் அமலியைத் திரும்பிப் பார்த்தார். தோளில் சரிகை, மடியில் கிட்டார், முகத்தில் அடக்க முடியாத சிரிப்பு.

"யாரும்மா அது, உன் பஸ்ஸா?"

"ஆமாங்கய்யா" என்றார் அமலி.

சிறப்பு விருந்தினர் தனசேகரைப் பார்த்தார். "ஏம்பா செக்ரட்ரி, பஸ்ஸ நடு ரோட்டுல நிறுத்திட்டா எனக்குப் பொன்னாட போட்டீங்க? எனக்கு ஒரு சேர் போடு. அவன் எறங்கட்டும். அப்பறம் பேசறேன்."

மைக்கைத் தானே அமலியிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். பெருந்தன்மை என்று அன்று தோன்றியது. இப்போது யோசித்தால், அவருக்கும் தெரிந்துகொள்ள ஆசை வந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன்.

"முதல்லேருந்து பாடட்டுமா?" என்றார் அமலி.

"வாணாம்" என்றார்கள் நாலைந்து பேர் ஒரே குரலில். "பஸ்ஸு நின்ன எடத்துலேருந்து."

கிட்டார் ஒலித்தது. இந்த முறை பஜ்ஜித் தட்டு அசையவில்லை. வாட்ச்மேன் கேட்டை விட்டு உள்ளே வந்து தூணோரம் நின்றார். பாஷா பாய் தன் பெட்டி மேலிருந்து இறங்கி நின்றுகொண்டார்.

*வண்டி வந்து நின்னாச்சு...*
*வாசப்படி பாத்தாச்சு...*

நான் சரோஜாம்மாவின் பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்க வைப்பதாக வாக்குக் கொடுத்தேன். கேட்கிறார்கள், மூச்சு விடாமல் கேட்கிறார்கள். அடுத்த வரியில் எல்லோருக்கும் வயிறு எரியப் போகிறது. காலி வண்டி... என்று நான் மனதுக்குள் முந்திக்கொண்டு போனேன்.

அமலி கண்ணைத் திறந்தார். முன்வரிசையைப் பார்த்தார். கிட்டார் ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றியது. பதிவில் இல்லாத சுற்று.

*கடைசி சீட்டு ஓரத்துல கண்ணசந்து போனவன*
*கண்டக்டரு தட்டிச் சொன்னார் – எறங்குப்பா, ஊர் வந்தாச்சு...*

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்த வரி எங்கே இருக்கிறது? எந்தப் பதிவில், எந்தப் பேட்டியில், எந்த மேடையில்? எங்கும் இல்லை. அமலியின் பாட்டில் எனக்குத் தெரியாத வரி என்று ஒன்று இருக்க முடியுமா?

*சட்ட கசங்கி எறங்கி வந்தான், சண்டையெல்லாம் மறந்து வந்தான்*
*பக்கம் வந்து முதல்ல கேட்டான் – சாப்ட்டியாடி நீ?*

அவ்வளவுதான். கிட்டார் நின்றது.

முதலில் சிரிப்பு வந்தது. பிறகுதான் கைதட்டல். பஜ்ஜி எண்ணெய்க் கைதட்டல் இல்லை. கார்ப் பார்க்கிங் கூரை அதிர்ந்தது. 'இதுவா' என்று கண்டுபிடித்ததற்கான கைதட்டலும் இல்லை. யாருக்கும் தெரியாத பாட்டு அல்லவா இது? எனக்கே தெரியாத பாட்டு.

சரோஜாம்மா புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு மணியைப் பார்த்தார். "பாத்தியா? தூங்கிட்டுகீறான், பாவம். நீ இன்னாவோ பிரெண்டு ஊடுன்னியே."

"சரி, சரி" என்றார் மணி. இரண்டு வார்த்தைக்கு நடுவில் மனிதர் மூக்கை உறிஞ்சியதை நான் கவனித்தேன்.

அதற்குப் பிறகு அமலி எட்டுப் பாட்டோ ஒன்பது பாட்டோ பாடினார். ஆமாம்... எண்ண மறந்துவிட்டேன். சிறப்பு விருந்தினர் விட்ட பேச்சைத் தொடரவே இல்லை. உப்பளப் பாட்டை மறுபடி கேட்டார்கள். டான்ஸ் கேட்ட குரல், ரேஷன் கடைப் பாட்டுக்கு எழுந்து ஆடியே விட்டது.

சாப்பாட்டு மேஜையருகே அமலியைப் பிடித்தேன். தட்டில் பிரிஞ்சி சாதம், தோளில் இன்னும் அந்தப் பொன்னாடை.

"அந்த முடிவு... அது எப்ப எழுதினீங்க?"

"இப்பத்தான் சார். அவரு பேசிட்டு இருந்தாருல்லா, அப்ப."

"அப்ப உண்மையான முடிவு எது?"

விவரம் தெரியாமல்தான் கேட்டேன். அவர் வாயில் இருந்ததை மென்று முடித்தார்.

"முன்னால ஒரு அம்மா எந்திரிச்சுக் கேட்டாங்கள்லா? அவங்க மொகத்தப் பாத்தேன். எனக்கு மனசு வரல சார். எறக்கி விட்டுட்டேன்."

"ஆனா, பதிவுல..."

"அது எங்க அம்மா காத்துட்டு இருந்ததப் பாத்து எழுதுனது" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். "இவ்வளவு வருசமா அந்தாள எறக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல பாருங்க. இன்னிக்கு அரை மணி நேரம் நிறுத்தி வச்சாங்கள்லா, அதுல யோசிக்க நேரம் கெடச்சிட்டு." பிறகு சிரித்தார். "நல்ல ரசிகர்கள்தான் சார் உங்க ஆளுங்க."

அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் பிரிஞ்சி வைக்கச் சொன்னேன்.

மறுநாள் காலையிலேயே வீடியோக்காரரைத் தேடிப் போனேன். எப்போதும் செய்யும் வேலைதான். புதிய வரி என்றால் அதற்குச் சான்று வேண்டாமா? படம் முழுவதையும் ஓட்டிப் பார்த்தோம். பொன்னாடைகள் ஒன்று விடாமல் இருந்தன. முறுக்காணியில் சரிகை சிக்கியது இரண்டு கோணத்தில் இருந்தது. பேச்சு முழுசாக இருந்தது. அதற்குப் பிறகு... கோலப் போட்டிப் பரிசளிப்பு.

"நடுவுல அந்தப் பாட்டு?"

"பாட்டா சார்? விஐபி பேச்சு முடிஞ்சிதுன்னு நான் கேமராவ ஆஃப் பண்ட்டேன். பாட்டு நல்லா இருந்துது. நின்னு கேட்டேன்."

குடியிருப்பு வாட்ஸப் குழுவில் கேட்டேன். ஒருவரிடமும் இல்லை. எந்நேரமும் போனை நீட்டிக்கொண்டிருக்கும் எங்கள் ஜனங்கள், அந்த ஒரு பாட்டின்போது போனை எடுக்க மறந்திருக்கிறார்கள். சான்றுகளைத் தேடி அலைகிறவன் வருத்தப்பட வேண்டிய விஷயம். அன்று முழுவதும் ஏனோ விசிலடித்துக்கொண்டே திரிந்தேன். கலா இரண்டு முறை நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

இரண்டு நாள் கழித்து லிஃப்டில் சரோஜாம்மா. "சார், அந்த பஸ்ஸு பாட்ட எனக்கு போன்ல அனுப்புங்க. எங்க அக்காக்குக் கேக்க வெக்கணும். அது ஊட்டுக்காரரு ஆவடி ஃபேக்டரி ஷிஃப்ட்டு. நைட்ல காத்துகினே கெடக்கும்."

என் போனில் இருப்பது ஒரே ஒரு பதிவு. அதில் வண்டி காலி.

"அந்தப் பாட்டு எங்கயும் கெடைக்கலம்மா" என்றேன். ஒரு வகையில் நிஜம்தானே?

சரோஜாம்மா பத்திரிகையில் வரும் இந்தப் பத்தியைப் படிப்பதில்லை. படிக்கிற நீங்கள் யாராவது எங்கள் பக்கம் வந்து அவரைப் பார்க்க நேர்ந்தால்... அவன் இறங்கிவிட்டான் என்றே சொல்லுங்கள்.